திரிப் பலகை

சுனாமிக்கு அடுத்த வருஷம், பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரத்தில்தான் செல்லச்சாமிக்கு வலது கண் போனது. ஆமத்தூர்ப் பக்கம் இருந்த பட்டாசுக் கம்பெனியில், புதிதாகச் செய்த புஸ்வாணத்தைக் கொளுத்திப் பார்ப்பது அவன் வேலை. பற்றவைத்தவன் எட்டிப் போக நேரம் கொடுக்கிற மெதுதிரிதான் அதில் இருக்க வேண்டும். இருந்ததோ வேகத்திரி. குனிந்தவன் முகத்திலேயே சீறியடித்தது.

அந்தத் திரியைச் செருகியவள் பஞ்சம்மாள், அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. அன்றைக்குக் காலையில் புஸ்வாணத்துக்கு உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்; அது பக்கத்துப் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும்.

போர்மேன் சங்கரலிங்கம் ஆடாத ஆட்டமில்லை. "எவ செஞ்சான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்ச அன்னைக்கே வெளிய!" இப்படிக் கேட்டால் எவள் வாயைத் திறப்பாள்? கூட இருந்த பெண்களும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. கொழுந்தனுக்குத் தெரிந்துவிட்டால் எந்த மூஞ்சியோடு அவனுக்குச் சோறு போடுவது என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

முதலாளி, விருதுநகரில் மோட்டார் பாகம் செய்கிற தொழிற்சாலையிலிருந்து எழில் என்கிற இன்ஜினீயர் பெண்ணை வரவழைத்தார். யார் செய்தது என்று எழில் கேட்கவே இல்லை. "எப்படிக்கா மாறிப்போகும்? செஞ்சு காட்டுங்க" என்று பஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மெதுதிரிக் கட்டுக்கு மஞ்சள் நூல், வேகத்திரிக் கட்டுக்கு வெள்ளை நூல். அதுதான் அங்கே அடையாளம். காப்புக் கட்டிவிட்டால் ஊரில் எல்லாப் பெண்கள் கையிலும் மஞ்சள். வேர்த்த கை பட்டுப் பட்டு வெள்ளை நூலும் மஞ்சளாகிப்போனது. சாமிக்குப் பூசிய மஞ்சள் இப்படிக் கவிழ்க்கும் என்று யார் கண்டார்கள்!

ஒரு மரப் பலகை வந்தது. மெதுதிரியின் பருமனுக்கு அளந்து துளை போட்ட பலகை. துளையில் நுழைந்து மறுபக்கம் வந்த திரிதான் இனிமேல் புஸ்வாணத்துக்குப் போகும். வேகத்திரி கொஞ்சம் தடிமன். அவசரக் கைக்கு அது தெரியாது, துளைக்குத் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும், சறுக்குற இடத்துல தடுப்பு இருக்கணும், அவ்வளவுதான் என்றாள் எழில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எதற்கெடுத்தாலும் சொல்கிற சனம்தான். அன்றைக்கு ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை.

வைகாசியில் செல்லச்சாமி வேலைக்குத் திரும்பினான். மத்தியானம் பஞ்சம்மாள் தவிர எல்லாரும் சாப்பிடப் போன நேரம், பலகை முன்னால் வந்து நின்றான். பஞ்சம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தம்பி, அந்தத் திரியச் செருகுனது நாந்தான்யா. இந்தப் பாவி கைதான்."

அவன் திரும்பவில்லை. பலகையைப் பார்த்தபடியே கேட்டான். "இதுல வேகத்திரி போகாதாக்கும்?"

"போகாதுய்யா."

ஒரு வேகத்திரியை எடுத்துத் துளைக்குக் கொண்டுபோனான். துளையை விட்டுத் தள்ளி மரத்தில் முட்டியது. மறுபடி வைத்தான். மறுபடியும் தள்ளியே முட்டியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. பஞ்சம்மாள் பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்க மதினி."

இடது கை விரலால் தடவித் துளையைக் கண்டுபிடித்து, அதில் திரியை வைத்து அழுத்தினான். நுழையவில்லை.

"சரியாத்தான் செஞ்சிருக்காக" என்றான்.

அப்புறமும் அவன் அழுத்துவதை நிறுத்தவில்லை.