இழுவைப் படகின் அசல் நிறம்

அந்த இழுவைப் படகு ஆற்றில் இழுக்காத பாரமில்லை. கரி, மணல், சிமெண்ட் என்று மிதவை மிதவையாக இழுத்தது. பாலம் வந்தது, லாரி வந்தது, பாரமெல்லாம் கரையேறிப் போனது. பிறகு விழா நாட்களில் அதிகாரிகளின் உல்லாசப் படகை இழுத்தது. கடைசியில், புதுப் படகுகள் ஒன்றையொன்று உரசாமலிருக்க நடுவில் கட்டிப்போட்டார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சமில்லை. படகுத் துறைக்குப் புது இயக்குநர் வந்தால் புது நிறம். பழுது பார்க்க ஆள் கேட்டால் பெயின்ட் டப்பாதான் வரும்.

அதை ஓட்டியே தலை நரைத்த மாஸ்டர் மட்டும் சளைத்தவரா? ஓட்டை விழுந்த இடத்தில் சாக்குத் துணியை ஒட்டி, மேலே பெயின்ட்டை அப்பிவிடுவார். ஆய்வுக்கு வருகிறவர்களும் பளபளப்பைத்தான் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் திருப்தி.

இப்போது படகைக் காட்சிப்பொருள் ஆக்கப் போகிறார்கள். காவலாளி வேலை மாஸ்டருக்கு, தங்குவதும் உள்ளேயே. இது கைநழுவினால் மருமகன் வீடுதான் கதி. அங்கே இவர் மின்விசிறியைப் போடுவார், மருமகன் வந்து அணைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், அதுதான் இன்னும் மோசம்.

அதனால், அருங்காட்சியக நிபுணர் சின்னக் கத்தியோடு இன்ஜின் அறைக்குள் இறங்கியபோது மாஸ்டரும் பின்னாலேயே இறங்கினார்.

"அசல் நிறம் தெரியணும். வெயில் படாத இடத்துலதான் அது அப்படியே இருக்கும்" என்ற நிபுணர், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த சுவராகப் பார்த்துச் சுரண்டினார். நீலம் வந்தது.

"இதுதாங்க அசல்" என்றார் மாஸ்டர்.

நிபுணர் இன்னும் சுரண்டினார். பச்சை வந்தது.

"தப்பா சொல்லிட்டேன். இதுதான்."

மஞ்சள் வந்தது.

"சத்தியமா இதுதாங்க."

"நீங்க எதைத்தான் இல்லைன்னு சொல்லுவீங்க?" என்று சிரித்தபடி நிபுணர் கத்தியை அழுத்தினார். சாக்குத் துணி வந்தது. அதன் பின்னாலேயே ஆறு வந்தது.

மாஸ்டர் பாய்ந்து உள்ளங்கையால் பொத்தினார்.

"கையை எடுங்க. இரும்பு எங்க?"

"எடுத்தா படகும் போயிடும், என் வேலையும் போயிடும் சார். இரும்பெல்லாம் எப்பவோ போயிடுச்சு. நான்தான் பூசிப் பூசி வச்சிருக்கேன்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம், மருமகன் முகம் ஒரு பக்கம்.

தகவல் போய் இயக்குநர் வந்தார். கரையிலேயே நின்று, நிபுணர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களை யாரு சுரண்டச் சொன்னது?" என்றார்.

உடனே சாக்கு வந்தது, பெயின்ட்டும் வந்தது. திறப்பு விழா குறித்த நாளில் ஜோராக நடந்தது. ரிப்பனைக் கரையில் கட்டி, கரையில் நின்றே வெட்டினார்கள். யாரும் ஏறக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று படகின் வாசலில் பலகை மாட்டச் சொல்லிவிட்டு, இயக்குநர் மாஸ்டரின் தோளைத் தட்டினார்.

"உங்க கட்டிலை உள்ள போட்டாச்சு. சந்தோஷம்தானே?"

மாஸ்டருக்கு உண்மையாகவே சந்தோஷம்தான். பலகைக்கடியில் குனிந்து, உடம்பின் பாரம் முழுவதையும் காலில் போட்டுவிடாமல், மெல்ல மெல்ல உள்ளே போனார்.