அரை இஞ்ச் தொய்வு

மூன்றாவது முறையாக "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று காசிநாதன் சொன்னபோதுதான் வெள்ளச்சிக்குச் சந்தேகம் உறுதியானது. கண்முன்னால் செய்ய முடியாத வேலை ஏதோ இந்த மெக்கானிக்குக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் எதற்கு இத்தனை உபசரணை?

"டீ நீயே குடி. நா இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்று, கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டின்னை ஜீப்புக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகன் ஐயப்பன் வெட்கத்தில் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

கச்சிராயபாளையம் சாலையில் இருந்த அந்தப் பட்டறைக்கு மலையிலிருந்து விடிகாலையில் இறங்கி வந்திருந்தார்கள். ஜீப்புக்கு ஐயப்பனைவிட இரண்டு வயது கூட. அதன் ஃபேன் பெல்ட் உள்பக்கமெல்லாம் வெடித்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. தண்ணீர் பம்ப்பையும் ஃபேனையும் டைனமோவையும் சுற்ற வைப்பது அந்த ஒற்றை ரப்பர் வார்தான். அது மலைப்பாதையில் அறுந்தால் வண்டி கொதித்து நின்றுவிடும். மகள் மகேஸ்வரிக்கோ இது ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்ததும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர்கள் ஊரில் இருந்த வண்டி இது ஒன்றுதான். ஆம்புலன்ஸ் கீழிருந்து ஏறி வருவதற்குள் ஜீப் பாதி மலை இறங்கிவிடும்.

அதனால் வெள்ளச்சி கண்கொட்டாமல் பார்த்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மரவள்ளிக்கிழங்கு எடை போடுகிறவன் முதல் கடுக்காய் வாங்குகிறவன் வரை மலைக்குக் கீழே இருக்கிற கீழூர்க்காரர்களின் தராசு அவள் பக்கம் சாய்ந்ததை அவள் பார்த்ததே இல்லை. புது பெல்ட்டை வாங்கி மோந்து பார்த்தாள். பழசைத் துடைத்து விற்கிறானோ என்று நகத்தால் கீறினாள். கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விட்டால் அதை வேறு எவன் தலையிலாவது கட்டிவிடுவானாம். காசிநாதன் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, புது பெல்ட்டை மாட்டி, இரும்புக் கம்பியால் டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்தபடி போல்ட்டை முறுக்கினான். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி, ஒருமுறை பார்த்தால் போதும்.

"யக்கா, கட்ட வெரலால அமுக்கிப் பாருங்க."

அமுக்கினாள். பெல்ட் உள்ளே போனது.

"இன்னாப்பா, தொளதொளன்னு இருக்குது?"

"அரை இஞ்ச் தொய்வு இருக்கணுங்க. அதுக்கு மேல இழுத்துக் கட்டினா பம்ப்பு பேரிங் தாங்காது. தொடாம அப்பிடியே வுட்டுடுங்க."

தொடாதே என்று அவன் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. மலையேறும்போது வளைவுக்கு வளைவு அவள் அதையே நினைத்தாள். தொளதொளவென்று விட்டால் வழுக்கும், வழுக்கினால் தேயும், தேய்ந்தால் மறுபடி அவனிடமே போக வேண்டும். எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டிருக்கிறான்! கயிற்றுக் கட்டிலைக்கூட எவனாவது தொய்வாகவா பின்னுவான்?

மறுநாள் ஐயப்பன் காட்டுக்குப் போனதும் பானெட்டைத் திறந்தாள். கடப்பாரையால் டைனமோவை நெம்பி, ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் சொருகிப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினாள். கடைசி முறுக்கில் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. அதுவும் நல்லதுக்குத்தான், இனி எவனும் கை வைக்க முடியாது. இப்போது அமுக்கினால் பெல்ட் இம்மிகூட அசையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு மகேஸ்வரிக்கு வலி எடுத்தது.

வெள்ளிமலையைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியதும் முன்பக்கம் ஒரு கீச்சொலி. பிறகு இரும்பை இரும்பால் அரைக்கிற சத்தம். ஐயப்பன் நிறுத்திப் பார்த்தபோது ஃபேன் ஒருபக்கம் சாய்ந்து ரேடியேட்டரை உரசிக்கொண்டிருந்தது. அடிவாரத்து அணையின் தண்ணீர் தெரிகிற வளைவு அது. நல்லவேளை, அங்கே சிக்னல் கிடைக்கும். காசிநாதனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"பெல்ட்ட அமுக்கிப் பாரு தம்பி."

"கல்லு மாறி இருக்குதுண்ணே."

"யாருனா இழுத்துக் கட்டினீங்களா?"

"யாரும் தொடலண்ணே."

"நல்லா கேட்டுச் சொல்லு. யாரும் தொடலன்னா உள்ள வேற இன்னாமோ ஆயிருக்குது. இன்ஜின ஸ்டார்ட்டே பண்ணாத, ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு நில்லு. இழுத்துக் கட்டியிருந்தா ஃபேன தாங்குற பம்ப்பு பேரிங்தான் போயிருக்கும். பெல்ட்ட எடுத்துப்புட்டா ஃபேன் சுத்தாது, உரசாது. இறக்கந்தான, இன்ஜின் அவ்ளோ சூடாவாது, வந்துடலாம்."

கீழூர்க்காரனை நம்பாதே என்று வெள்ளச்சி சொல்லிச் சொல்லியே வளர்த்த பிள்ளை எதிரில் நின்றுகொண்டிருந்தான். சொல்லாமல் இருந்தால் மானம் மிஞ்சும். பின்சீட்டில் மகேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டு "யம்மா" என்றாள்.

"நாந்தான் இழுத்துக் கட்டனேன்" என்றாள் வெள்ளச்சி. "நீ ஏமாத்திட்டன்னு நெனச்சிட்டேன்பா."

ஐயப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"போல்ட்டு கழலுமா?" என்று கேட்டான் காசிநாதன்.

"கழலாது. மழுங்கிப் போச்சி."

"அப்ப பெல்ட்ட அறுத்துப் போட்டுடுங்கக்கா. வண்டி ஓடும். டைனமோ சுத்தாததால செவப்பு லைட்டு எரியும், பயப்படாதீங்க. ரெண்டு வளைவுக்கு ஒருவாட்டி நிறுத்தி இன்ஜின ஆத்திக்கினு வாங்க. நா வண்டி எடுத்துக்கினு அடிவாரத்துல நிக்கிறேன்."

அவன் விற்ற புது பெல்ட்டை அவனே அறுக்கச் சொல்கிறான். இன்னொன்று விற்கவா என்று அந்த நேரத்திலும் மனம் ஒரு கணம் முணுமுணுத்தது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சீட்டுக்கு அடியிலிருந்து கொடுவாளை எடுத்தாள். ஐயப்பன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கத்தி பாதிகூட இறங்கவில்லை, அத்தனை இழுப்பில் இருந்த பெல்ட் படீரென்று தெறித்து அவள் மணிக்கட்டில் அடித்தது. தோல் தடித்துச் சிவந்தது.

வெள்ளச்சி மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டதும் ஐயப்பன் சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்தது. மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. அடுத்த வலியில் மகேஸ்வரி அம்மாவின் அந்த மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்தாள். வெள்ளச்சி கையை இழுத்துக்கொள்ளாமல், சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜீப் அடுத்த வளைவில் திரும்பி இறங்கத் தொடங்கியது.