சார்ஜன்ட்டின் முதுகு

முதலில் நடைதான் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடையின் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்த தையல்காரர், கீழே பேருந்து நிறுத்தத்திலிருந்து யாரோ சாலையைக் கடந்து வருவதை ஓரக்கண்ணால் பார்த்தார். வலது பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பி விழுந்தது. மூன்று எட்டு வைத்ததும் இடது தோள், சுமையை மாற்றிக்கொள்வதுபோல, லேசாக இறங்கி ஏறியது. மறுபடி மூன்று எட்டு, மறுபடி தோள். எதிர்க் கடையின் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறோமோ என்று ஒரு கணம் நினைத்தார். தான் உட்கார்ந்திருப்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நடை உள்ளவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் இறந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. இன்னொருவர் அவர்.

காலடி மாடிப்படியில் ஏறி வந்தது. சமையலறையிலிருந்த மனைவி, "இப்பத்தானே மிஷின் சத்தம் கேட்டுச்சு, அதுக்குள்ள எப்ப கீழ போனீங்க?" என்றபடி ஈரக் கையோடு வெளியே வந்தவள், அவர் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

வாசலில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். தோளில் மடிக்கணினிப் பை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்ற தயக்கம்.

"டெய்லர் மாமா, என்னைத் தெரியுதா? சார்ஜன்ட் பொண்ணு."

'கூடாரம் நம்பர் ஒன்பது' தொலைக்காட்சியில் வந்த காலத்தில், அந்த அரைமணி நேரம் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ராணுவ முகாமின் சமையற்கட்டுதான் கதைக்களம். எதிரி ஒருநாளும் வரமாட்டான். வருவான் வருவான் என்று எல்லோரும் பயந்துகொண்டே இருப்பார்கள். நடுவில் பெரிய அண்டாவுக்குப் பின்னால் சமையல் சார்ஜன்ட் நிற்பார். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பார், தளபதிக்குக் கரண்டியால் சல்யூட் அடிப்பார், யார் என்ன அவசரச் செய்தி கொண்டுவந்தாலும், "சண்டை நாளைக்கும் இருக்கும், சூப்பு ஆறிடும்" என்பார். அந்த நடிகரை அதற்குப் பிறகு யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் வெளியிலும் அவர் சார்ஜன்ட்.

அவருடைய சீருடையைத் தைத்தவர் இவர். சார்ஜன்ட்டுக்குப் போட்டுப் பார்க்க நேரமிருக்காது. நேரமிருந்தாலும் பொறுமை இருக்காது. அதிர்ஷ்டவசமாக இருவருடைய அளவும் ஒன்று, கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை. அதனால் தையல்காரர் சட்டையைத் தன் உடம்பில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் குனிவார், நிமிர்வார், கையைத் தூக்குவார். ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவருடைய உடம்பால் சொல்ல முடியவில்லை. சார்ஜன்ட் கையைத் தூக்கினால் உயரப் பரணிலிருந்து எதையோ இழுப்பதுபோலத் தோளிலிருந்து முழுசாகத் தூக்குவார், அதுவும் எப்போதும் இடது கை. இடது அக்குளில் தையல் விட்டுப்போகும். பட்டறையில் இருந்தவர்கள், மனுஷன் கக்கத்தில் கத்தி வைத்திருக்கிறாரா என்று கேட்டுச் சிரிப்பார்கள். கடைசியில் சார்ஜன்ட்டின் சட்டைக்கு மட்டும் இடது கைக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்க ஆரம்பித்தார். அதன் பிறகு கிழியவில்லை.

கடைசிப் பருவத்துக்குப் பதின்மூன்று பகுதிகள். ஐந்து முடிந்திருந்தபோது சார்ஜன்ட் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய மூன்று சீருடைகளையும் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். என்ன செய்வது என்று பேசுவதற்காக உடையறைக்கு வந்த இயக்குநர், அங்கே கண்ணாடி முன்னால் வேறு யாருக்கோ தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரரைப் பின்னாலிருந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, "திரும்பாதீங்க" என்றார்.

மீதி எட்டுப் பகுதிகளிலும் சார்ஜன்ட்டின் முதுகு இவர்தான். குரலுக்கு ஒரு மிமிக்ரிக்காரர். மிச்சமிருந்த துணியில் தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டார். துணி பற்றவில்லை. பழைய சட்டைகளின் முதுகில் இரண்டு மடிப்பு இருந்தது, இதில் நடுவில் ஒன்றுதான் வந்தது. அக்குள் துண்டும் வைக்கவில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. பழைய வீடியோ நாடாக்களை ஓடவிட்டு, உடையறை நடையில் இரண்டு வாரம் நடந்து பழகினார். படப்பிடிப்பில் எல்லோரும் அவரை 'முதுகு' என்று கூப்பிட்டார்கள். முதுகு சாப்பிட்டாச்சா, முதுகுக்கு ஒரு டீ கொடுங்கப்பா.

வேலை முடிந்தது, நடை போகவில்லை. எவ்வளவோ முயன்றார். பழைய நடை எப்படி இருந்தது என்பது அவருக்கே மறந்துவிட்டது. கைக்குழந்தையோடு இருந்த மனைவி, சாயங்காலம் படியில் காலடி கேட்டால் அவர் குரல் கொடுக்கும்வரை தாழ்ப்பாளை எடுக்கமாட்டாள். பிறகு அதுவும் பழகிவிட்டது. "முன்பக்கத்தைத்தான் ஒருத்தரும் சீண்டல, முதுகுக்காவது மரியாதை கிடைச்சுதே" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர் மட்டும் அந்தக் கடைசிப் பருவத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சார்ஜன்ட்டின் மகள் வந்த விஷயத்தைச் சொன்னாள். கிடங்கில் கிடந்த நாடாக்களைச் சுத்தப்படுத்தித் தொடரை மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம். கடைசிப் பருவத்தின் ஆறாம் பகுதியிலிருந்து சார்ஜன்ட்டின் முகமே வரவில்லை, அது வேறு ஆள் என்று யாரோ இணையத்தில் எழுதியிருக்கிறார்கள். அம்மா போன மாதம் தவறிவிட்டாள். இருந்தவரை அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: நடுவில் சில காட்சிகளில் வேறு ஆள் இருக்கலாம், ஆனால் கடைசிக் காட்சியை மட்டும் அப்பா முன்கூட்டியே நடித்துக் கொடுத்துவிட்டார், கம்பெனிக்காரர்களே வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. கடைசி எபிசோட்ல கேட் பக்கத்துல நின்னு உனக்குத்தான் கை காட்டுவேன், பார்த்துக்கோன்னு சொல்லிட்டு ஷூட்டிங் போனாரு. அவர் போய் நாலு மாசம் கழிச்சு டிவில வந்துச்சு. கை காட்டினாரு. நானும் காட்டினேன்." அவள் சிரிக்க முயன்றாள். "நேத்து மறுபடி பார்த்தேன் மாமா. கை தானா எழுந்துச்சு. அப்புறம் யாருக்குக் காட்டுறோம்னு யோசிச்சேன். உடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு."

தையல்காரர் பிரித்துக்கொண்டிருந்த சீருடையை மடித்து வைத்தார்.

"எனக்கு ஆறுதல் வேண்டாம். எது அப்பா, எது நீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

டீ போடுகிற சாக்கில் மனைவி அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். உண்மை அரிச்சந்திரன் வேஷம் எல்லாம் இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம், அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்த பெண்ணிடம் அப்பாவையும் பிடுங்காதீர்கள் என்றாள் தாழ்ந்த குரலில். அவருக்கும் தெரியும். கடைசிக் காட்சியைச் சார்ஜன்ட் முன்கூட்டியே நடிக்கவில்லை. கடைசி நாளில் எடுப்பதாக இருந்தது, இவர்தான் நடிப்பதாக இருந்தது. அன்று விடியற்காலையில் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. படப்பிடிப்புக்குப் போகாமல் அவளோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தார், சாயங்காலம் பையன் பிறந்தான். இரண்டு நாள் கழித்து உதவி இயக்குநர் சட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "எடுத்தாச்சு" என்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, குழந்தையைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். யாரையோ தூரத்தில் நிறுத்திச் சமாளித்திருப்பார்கள் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். பொட்டலத்தைப் பிரிக்காமலே பெட்டிக்குள் போட்டார்.

மடிக்கணினியை வெட்டும் மேசைமேல் வைத்தார்கள். மகள் ஆறாம் பகுதியிலிருந்து ஓட்டினாள். அண்டாவுக்கு மேல் குனிந்த முதுகு வந்தது. "இது நான்" என்றார். கூடார வாசலில் நின்று மழையைப் பார்க்கும் முதுகு. "இதுவும் நான்." ஒவ்வொரு முறையும் மடிக்கணினிக்குள்ளிருந்து சிரிப்பொலி எழுந்து, எல்லா வாயையும் ஒரே நேரத்தில் பொத்தியதுபோல நின்றது. தன் முதுகை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. நடு மடிப்பு தெரிந்தது, காலரின் வலதுபக்கம் அரை நூல் அளவு தூக்கியிருந்தது. அதைச் சரிசெய்திருக்கலாம். மகள் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு நகர்த்தினாள். அழவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் காட்சிக்கு வந்தபோது, இதற்கும் அதே பதில்தான் என்று முடிவு செய்துவிட்டவளைப்போல இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

முகாம் காலியாகிவிட்டது. லாரிகள் போய்விட்டன. சார்ஜன்ட் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடி கேட்டை நோக்கி நடக்கிறார். இந்த இடத்தில் சிரிப்பொலி இல்லை. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி விழுந்தது. மூன்று எட்டு, தோள். மூன்று எட்டு, தோள்.

தையல்காரர் திரையை நெருங்கிக் குனிந்தார். அந்த நடைக்கு அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒரே காலையில் யாருக்கு வந்திருக்கும்? பழைய பருவத்தில் எடுத்து மிஞ்சிய காட்சியாக இருக்கலாம் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் முதுகு வெளிச்சத்துக்கு வந்தது. நடுவில் ஒரே மடிப்பு. காலரின் வலதுபக்கம் அரை நூல் தூக்கல். அது அவருடைய சட்டை, சார்ஜன்ட் இறந்த பிறகு தைத்த சட்டை.

கேட்டருகே அந்த உருவம் நின்றது. திரும்பாமல் இடது கையை உயர்த்தியது. பரணிலிருந்து எதையோ இழுப்பதுபோல, தோளிலிருந்து, முழுசாக. அக்குளில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. படம் இருண்டது.

"மாமா" என்றாள் மகள்.

"இது நான் இல்ல."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஆறுதல் வேண்டாம்னு சொன்னேனே."

"ஆறுதல் இல்ல பாப்பா. என் முதுகு எனக்குத் தெரியாதா?"

"யாருக்கு மாமா அவங்கவங்க முதுகு தெரியும்?"

சட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதியையும் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பா மிஞ்சலாம். யாரோ முகம் தெரியாத மூன்றாவது ஆள் மிஞ்சலாம். டீ டம்ளரை எடுக்க வந்த மனைவி, "அது உங்க அப்பாதாம்மா. இவருக்கு அவ்வளவு அழகா எங்க கை தூக்க வரும்?" என்றாள். மகள் மெல்லச் சிரித்தாள். நம்பியவள் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. நன்றி சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தக் காலடி படியில் தேய்ந்து மறையும்வரை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள் மனைவி.

"நான் பொய் சொல்லலடி."

அவர் பெட்டியைத் திறந்து அடியில் கைவிட்டார். செய்தித்தாள் தொட்டதும் உதிர்ந்தது. சட்டையை உதறி, இடது கையைத் தூக்கிப் பிடித்தார். அக்குளில் நான்கு விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. நூலை யாரும் வெட்டவில்லை. உள்ளிருந்து இழுபட்டு அறுந்த நூல், இரண்டு பக்கமும் குச்சம் குச்சமாக நின்றது. அந்த மாதிரிக் கிழிசலை அவர் எத்தனையோ முறை தைத்திருக்கிறார். எல்லாமே ஒரே ஆளுக்கு.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இருந்தாலும், "கொடுங்க, ரெண்டு தையல் போட்டுடறேன்" என்றாள். காஜாவும் பட்டனும் கைத்தையலும் எப்போதும் அவள் வேலை. அவர் கொடுக்கவில்லை. துண்டுத்துணி மூட்டையைக் கிளறி, ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு காக்கித் துண்டை எடுத்தார். மேசையில் விரித்து, சாக்பீஸால் உள்ளங்கை அளவில் ஒரு சதுரம் போட்டார். கத்தரியை வைக்கும்முன் ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம் என்று, வழக்கம்போல, சட்டையைத் தன் உடம்பில் மாட்டிக்கொண்டார். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகும் சரியாக இருந்தது. கிழிசல் வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையைத் தலைக்குமேல் முழுசாகத் தூக்கினார்.

மனைவி அவருக்கு எதிரே வந்து நின்றாள். வாயில் இரண்டு குண்டூசி, கையில் இஞ்ச் டேப். துணியைப் பிடித்து அக்குளுக்குக் கொண்டுபோனவள், அவர் தோளுக்குமேல் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தாள்.

பேருந்து வந்து நின்றிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகள் ஏறவில்லை. நடைபாதையில், நிமிர்ந்து, இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. அவளுடைய இடது கை மெதுவாக எழுந்துகொண்டிருந்தது.

"அளந்தாச்சா? கை வலிக்குது" என்றார் அவர்.

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "இறக்காதீங்க. திரும்பாதீங்க."