நோன்பு தெரிந்த சர்வர்

எங்கள் காஸாபிளாங்கா துறைமுக ஆபீஸுக்குப் புது சர்வர் வந்தபோது, அதில் லினக்ஸ் போடலாம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். லைசென்ஸ் செலவு இல்லை என்றேன். விண்டோஸ்தான் வேண்டும் என்று குதித்தவன் கணக்கு பார்க்கும் புஷைப். முதலாளி ஸி ஜிலாலி இரண்டு பேரையும் பார்த்தார்.

"போடும்மா கிஸ்லான். ஒரு தடவ வேலை நின்னுச்சுன்னா லினக்ஸத் தூக்கிருவேன். அப்புறம் கம்ப்யூட்டர் விவகாரம் பூரா புஷைப் கையில."

அன்றோடு என் நிம்மதி போனது. சர்வர் விசிறி கொஞ்சம் சத்தமாகச் சுற்றினாலும் எழுந்து ஓடுவேன். "என்ன லல்லா, குழந்தை தூங்குதா?" என்பான் புஷைப், அம்மணி என்று மரியாதை கொடுப்பதுபோல.

நோன்பு மாதத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் வாரம் வந்தது. நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்பே, ஞாயிறு விடிவதற்குள் நேரம் மாறிவிடும். திங்கள் காலை வந்து பார்த்தால், சர்வர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. துறைமுகத்தில் சரக்கு காத்திருக்கிறது. அதற்கான சுங்கக் காகிதம் எல்லாம் அதற்குள்ளே.

"ஓசி சாமானுக்கு நோன்பெல்லாம் எங்க தெரியும்?" என்று புஷைப் புதினா டீயை உறிஞ்சினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். அது எங்களைவிட ஒரு மணி நேரம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற கம்ப்யூட்டர்களோடு நேரம் ஒத்துப்போகாவிட்டால் அது யாரையும் சேர்க்காது. முந்தி ஓடியிருந்தால், நோன்பு தெரியாத சாமான் என்று நானே ஒத்துக்கொண்டிருப்பேன். பிந்துவானேன்?

"யாராச்சும் இதுல கை வச்சீங்களா?"

"வைக்காம?" என்றார் ஸி ஜிலாலி. "சனிக்கிழமை கிளம்பும்போது வருஷா வருஷம் பண்றதுதானே. சுவர்க் கடிகாரத்த தள்ளினேன், நீ குடுத்த பாஸ்வேர்ட போட்டு இதையும் தள்ளினேன். எங்கயோ செஞ்ச பொருளுக்கு நம்ம ரமலான் எப்படித் தெரியும்?"

"தெரியும், ஸி ஜிலாலி. ராத்திரி அதுவும் தானாவே ஒரு மணி நேரம் தள்ளிருக்கு."

புஷைப் டீயைக் கீழே வைத்தான். நேரத்தைச் சரிசெய்ததும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முதலாளிக்குக் காது சிவந்திருந்தது. ஆபீஸில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்த முதலாளி என்ன வேண்டுமானாலும் செய்வார்.

அவர் என் நாற்காலி பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பாஸ்வேர்ட மாத்திரும்மா. நானே வந்து கேட்டாலும் சொல்லாத."