உமிக்குழி ஐஸ்

கால் பார் ஐஸ் ஒன்று, கோணியில் சுற்றிச் சணல் கட்டி, கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸின் கூரையில் எங்கள் ஊருக்கு வந்தது. புதன்கிழமை சாயங்காலம். இறக்கிய கண்டக்டருக்குச் சட்டையெல்லாம் ஈரம்.

"இன்னாம்மா, வூட்ல விசேஷமா? மேலேருந்து ஒழுகி ஒழுகி, ஜன்னல் சீட்டுக்காரன் பூரா என்னத் திட்டிகினு வர்றான்."

"விசேஷம்தான்," என்றாள் ராணியம்மாள். ஒரு துணியைச் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். "தூக்கி வைங்க."

அதுதான் அந்த வாரத்தின் கடைசி பஸ். மறுநாள் விடிந்தால் சாலை மறியல். எண்பத்தேழாம் வருஷம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடாது என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். ஊர்ஜனங்கள் அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி என்று வாங்கி அடுக்கிக்கொண்டிருக்க, ராணியம்மாள் ஐஸ் வாங்கி வந்தாள். சர்ச் தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது. நானும்தான் பார்த்தேன், அடுத்த வீடு ஆயிற்றே.

காரணம் சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

அவள் புருஷன் சின்னப்பன் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். துப்பாக்கியைவிடத் தட்டு ஏந்தியதுதான் அதிகம். ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் வேலை. ஜின்னும் டானிக்கும் கலப்பதில் அவர் கை பேர்போனது. டானிக் என்றதும் சத்து மருந்து என்று நினைக்க வேண்டாம். அது கசப்பாக ஒரு சோடா. அந்தக் கசப்பும் ஜின்னும் ஐஸும் எலுமிச்சையும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்க வேண்டும். மேஜர் ஒருவர், மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் சின்னப்பனையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்றால் பாருங்களேன்.

ரிட்டையராகி வந்து கரும்பு போட்டார். ஆடி மாதம் ஒருநாள் வரப்பிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது காலில் முக்கால்வாசி உயிர் திரும்பியது. வலது கையில் திரும்பவில்லை. எழுந்து நடமாட வேண்டும், இடது கையைப் பழக்க வேண்டும், படுத்தே கிடந்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சின்னப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். நாற்பது நாள். கஞ்சியை ஊட்டினால் குடிப்பார். பேச்சு, 'ம்', 'வேணாம்', அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. மேஜர் காலமாகிவிட்டார். அவர் மனைவி முத்தவ்வா, குடகுக்காரர், பாண்டிச்சேரியில் இருக்கும் மகளைப் பார்க்க பெங்களூரிலிருந்து காரில் போகிறார். வழியில் வியாழக்கிழமை மத்தியானம் சின்னப்பன் வீட்டுக்கு வந்து, அவர் கையால் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போக ஆசை.

"வர வேணாம்னு எழுது," என்றார் சின்னப்பன். சுவரைப் பார்த்துக்கொண்டேதான்.

ராணியம்மாள் பள்ளிக்கூடத்துத் தெரசா டீச்சரிடம் போய், இங்கிலீஷில் 'அவசியம் வரவும்' என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். பக்கவாதத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

"அந்தம்மாவ ஏமாத்துறியே," என்று கேட்டேன்.

"கலக்கிக் குடுத்துட்டா அது ஏமாத்தா?" என்றாள்.

இப்படியாக ஐஸ் வந்து சேர்ந்தது. அவள் அதை அடுப்படியில் பெரிய அண்டாவுக்குள் இறக்கி, மேலே தாம்பாளத்தால் மூடி, ஈரச்சாக்குப் போட்டாள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. நாக்கு புரளாத குரல்.

"எதுல வெச்ச?"

"அண்டாவுல."

 "அறிவு கெட்டவளே," என்றார். "ஐஸுக்கு வெயிலு எதிரி இல்ல. அதோட தண்ணிதான் எதிரி. தண்ணியில குந்திகினு இருந்தா நாளைக்கு அண்டாவுல மோந்து குளிக்கலாம். குழி தோண்டு. செங்கல் போடு. மேல உமி. தண்ணி கீழ எறங்கணும்."

நாற்பது நாளில் அவர் பேசியது எல்லாம் சேர்த்தால்கூட இவ்வளவு வராது. ராணியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் உமி எடுக்க ஓடினேன்.

மாட்டுக்கொட்டகை நிழலில் முழங்கால் ஆழம் தோண்டி, செங்கல் பரப்பி, வைக்கோல் போட்டு, ஐஸை வைத்து, நாலு கூடை உமியால் மூடினோம். அவர் படுத்தபடியே "அமுக்காத", "காத்து பூராம மூடு" என்று கத்திக்கொண்டிருந்தார். எழுந்து மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை விடியும் முன்பே கோடாலிச் சத்தம் கேட்டது. வடக்கனந்தல் சாலையில் நின்ற புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே சாய்ந்தன. மத்தியானம் ஆயிற்று. கார் வரவில்லை. பாண்டியிலிருந்து டானிக் வாங்கி வர ராணியம்மாள் ஒரு ஆளிடம் சொல்லியிருந்தாள், அதுவும் வரவில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது. சர்ச் தெருவில் யாரும் தெருமுனையைத் தாண்டவில்லை. கோபமாக இருக்கிற கூட்டத்தின் எதிரில் போக எல்லோருக்குமே யோசனைதான். மறியல் செய்கிறவர்களின் சாதி இல்லை நாங்கள், எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் யோசனை.

சாயங்காலம் உமியை விலக்கிப் பார்த்தோம். பாதி போயிருந்தது.

டானிக்குக்கு இன்னா பண்ணுவ என்று கேட்டேன். அவள் முறத்தில் உலர்த்தியிருந்த நிலவேம்பை எடுத்தாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மலைக்காரர்கள் சந்தையில் கொடுப்பது, காய்ச்சலுக்கென்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஒரு பிடி போட்டுக் காய்ச்சி வடிகட்டினாள். கோலி சோடாவில் ரெண்டு கரண்டி ஊற்றி, சர்க்கரைப் பாகு விட்டு, எலுமிச்சை பிழிந்து, புருஷன் வாயருகே நீட்டினாள்.

துப்பினார். "கசாயம்."

ஒரு கரண்டியாகக் குறைத்தாள்.

"இன்னும் ஜாஸ்தி. கசப்பு மொதல்ல வரக் கூடாதுடி. முழுங்கின பொறவு வரணும்."

ஏழாவது தடவை அவர் துப்பவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார். "முக்கா ஸ்பூனு. பாகு ஒண்ணரை. சோடா முழுசு," என்றார். "மலை மேல ஒரு பார்டர் போஸ்ட்ல இருந்தப்ப டானிக் வராது. இப்டிதான் எதையாவது கொதிக்க வெப்போம்." சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பால் சொசைட்டி ராசு வந்தார். மறியல்காரர்கள் பாலை மட்டும் விட்டார்கள். சைக்கிளையும் கேனையும் மரத்துக்கு மரம் தூக்கிக் கடந்து வந்தவர் ஒரு சீட்டைக் கொடுத்தார். முத்தவ்வா எழுதியது. கள்ளக்குறிச்சி பங்களாவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், வழி திறந்ததும் திரும்பிப் போகிறேன், சின்னப்பனுக்கு என் அன்பு.

ராணியம்மாள் சீட்டை மடித்து ஜாக்கெட்டில் செருகினாள். உமியை விலக்கிப் பார்த்தாள். கரைந்து விரிசல் விட்டு, உரித்த தேங்காய் அளவில் மூன்று துண்டு. உள்ளே போனாள்.

"நா போய் கூட்டிகினு வரேன். அஞ்சு மைலு போவ, அஞ்சு மைலு வர. ஐஸ நீங்க பாத்துக்குங்க."

"எனக்கு முடியாது."

"ஈர உமிய தள்ளிட்டு காஞ்ச உமி போட்டுகினே இருக்கணும். நீங்க சொன்னதுதான்."

"பக்கத்து வூட்டுக்காரிய வெச்சிட்டுப் போ."

"அவளும் எங்கூட வர்றா. தனியா போவ பயமா இருக்குது."

என்னைக் கேட்கவே இல்லை, கண்ணுகளா. செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்வேன்?

முதல் மரத்தின் மேலே தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். கீழத்தெரு விவசாயி, மறியலுக்கு எங்கள் ஊரில் அவர்தான் பொறுப்பு. சுற்றிலும் இருபது பேர்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"கள்ளக்குறிச்சிக்கு, அண்ணே. எங்க வூட்டுக்கு வர வேண்டிய ஒருத்தங்க கார்ல வந்து மாட்டிகினாங்க. கூட்டிகினு வரணும்."

"காரு வராது. கலெக்டரே வந்தாலும் வராது."

"காரு வேணாம். நடத்திக் கூட்டிகினு வரேன்."

"நடந்து வர்றவங்கள எவன் தடுத்தான்? அப்டி யாரு அது, அஞ்சு மைலு நடந்து விருந்தாட வர்றது?"

"மேஜர் பொண்டாட்டி. ஒரு கிளாஸ் ஜின்னு குடிக்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மரமே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். "நாங்க இங்க சோறு தண்ணி இல்லாம குந்திகினு இருக்கோம், மேஜரம்மாவுக்குச் சரக்கா?" என்றான் ஒருத்தன். "எங்களுக்கும் ஆளுக்கு ஒரு மூடி ஊத்தும்மா!"

"அது அவரு கலக்கணும். எனுக்குத் தெரியாது," என்றாள் ராணியம்மாள்.

தெய்வசிகாமணி மட்டும் சிரிப்பை நிறுத்தினார். "சின்னப்பன் எழுந்துட்டானா?"

"போறப்ப எழுந்திருக்கல. வர்றப்ப தெரியும்."

அவர் மரத்திலிருந்து இறங்கி, கிளையை ஒதுக்கி வழி விட்டார்.

பதினோரு மரம் எண்ணினேன். வேம்பு ரெண்டு, மீதி புளி. முத்தவ்வா அறுபத்தைந்து வயசுக்காரர், பேசுகிற அளவுக்குத் தமிழ் தெரியும். கான்வாஸ் ஷூ, குடை. ராணியம்மாள் பங்களா வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். "அவருக்குக் கை வராது, அம்மா. நாந்தான் மறைச்சிட்டேன். ஆனா நீங்க வரணும்." அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, குடையை விரித்தார். எஸ்டேட்டில் பழகிய கால். ஒவ்வொரு மரத்தையும் குதிரை ஏறுகிற மாதிரி ஏறி இறங்கினார். கடைசி மரத்தில் தெய்வசிகாமணியே கை கொடுத்தார்.

வழி முழுக்க ராணியம்மாள் எட்டி எட்டிப் போட்டு நடந்தாள். எனக்குத் தெரியும், அவள் மனசில் என்ன ஓடியது என்று. அந்த மூன்று துண்டு கரைந்து போயிருந்தால் அவர் இனி எழுந்திருக்க மாட்டார். ஐஸ் போனால் போகட்டும் என்று படுத்துவிட்டவர், அடுத்து எதையும் போகட்டும் என்றுதான் விடுவார்.

வீட்டுக்குள் நுழைந்தோம். கட்டில் காலி.

கொட்டகைக்கு ஓடினாள். அங்கே சின்னப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார், சுவரில் முதுகு சாய்த்து. பட்டாளத்துச் சட்டை போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று. இடது கை முழங்கை வரை உமி. பக்கத்தில் ஈர உமி ஒரு குவியல். எதிரில், வெட்டுப்பட்டுப் பாதி நசுங்கிய ஐந்தாறு எலுமிச்சை. இடது கையால் நறுக்கிப் பார்த்ததில் வீணானவை. கடைசி ஒன்று மட்டும் ஒழுங்கான துண்டுகளாகத் தட்டில் இருந்தது.

"ரெண்டு துண்டு இருக்குது," என்றார். "ஒண்ணு போயிடுச்சி. என்ன லேட்டு?"

ராணியம்மாள் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

எழுந்தார். கொட்டகைத் தூணைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து. முத்தவ்வாவின் எதிரில் போய் நின்று, வராத வலது கையைத் தூக்கப் பார்த்தார், சல்யூட் அடிக்க. அது இடுப்பு வரைதான் வந்தது. அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சின்னப்பன், எனக்குத் தாகமா இருக்கு," என்றார்.

சின்னப்பன் ஐஸைக் கழுவச் சொன்னார். நடுவில் வெள்ளையாக இருப்பதை ஒதுக்கி, ஓரத்துக் கண்ணாடி ஐஸை மட்டும் உடைத்துத் தரச் சொன்னார். அதற்கு மேல் யாரையும் தொட விடவில்லை. உயரக் கிளாஸ். வாய் வரை ஐஸ். எலுமிச்சைத் தோலை விளிம்பில் ஒரு சுற்றுத் தேய்த்தார். டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்காகத் திறக்காமல் கிடந்த ஜின்னை, மூடியைப் பல்லால் திருகித் திறந்து, கண்ணளவில் ஊற்றினார். நிலவேம்பும் பாகும் அளந்து விட்டு, சோடாவைக் கிளாஸைச் சாய்க்காமல் ஓரமாக இறக்கினார். ஒரே ஒரு கலக்கு. தட்டில் வைத்து, இடது உள்ளங்கையில் தட்டை ஏந்தி, காலை இழுத்து இழுத்து நடந்தார். ஐஸ் கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. ராணியம்மாள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். நின்றுவிட்டாள்.

முத்தவ்வா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது டானிக் இல்லையே."

"இல்லீங்க மேடம். எங்க மலை வேரு... செடி."

"மேல போன மேஜருக்குச் சொல்லக் கூடாது," என்றார் முத்தவ்வா. "இதைக் குடிச்சிருந்தா உன்னை ரிட்டையர் ஆகவே விட்டிருக்க மாட்டார்." மறுபடி குடித்தார். மெதுவாக, கடைசிச் சொட்டு வரை.

சின்னப்பன் உட்காரவில்லை. திரும்பிப் போய், மிச்சமிருந்த ஐஸை இன்னொரு கிளாஸில் போட்டார். எலுமிச்சை, நிலவேம்பு, பாகு, சோடா. ஜின் இல்லை. தட்டை ஏந்திக்கொண்டு, பத்து மைல் நடந்த கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்த ராணியம்மாளிடம் வந்தார். சுற்றிக்கொண்டு அவள் வலப்பக்கம் போய் நின்றார். மெஸ்ஸில் அப்படித்தானாம்.

"எடு," என்றார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பாதி குடித்தாள். யோசித்தாள்.

"பாகு கம்மி," என்றாள்.

"இன்னாது? யார் கிட்ட சொல்ற? இருபத்திரண்டு வருசம்..."

"கம்மிதான். நாளைக்குக் காலைல எழுந்து சரியா போட்டுக் குடுங்க."

"நாளைக்கு ஐஸுக்கு எங்கடி போறது?"

"பானையில தண்ணி இருக்குது," என்றாள் ராணியம்மாள். "ஏழு மணிக்கு. நா இங்கியே குந்திகினு இருப்பேன்."