இருபது நாள் குழந்தையின் கண்கள்

அப்பாவின் ஒரு கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, மறு கன்னத்துக்காகத் தாடையைத் தொட்டு மெல்லத் திருப்பினாள். ரேசரைக் கிண்ணத்து வெந்நீரில் அலசும்போது அவர் கண்ணைத் திறந்தார். சாம்பலும் பச்சையும் கலந்த கண். தெருவில் அவருக்குப் 'பூனைக்கண்ணர்' என்றுதான் பெயர். முந்தின நாள் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கிட்டு அலைய வேண்டாம். இன்னைக்கோ நாளைக்கோதான். பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் அப்பா.

மகளை அவர் 'நீங்க' என்றுதான் சொல்வார். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தோழிகள் சிரிப்பார்கள். அம்மாவிடம் கேட்டால், "கப்பல்ல கத்துக்கிட்ட மரியாதை. விடு" என்பாள். அவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்தால் மகளின் அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவார். ஒருநாளும் அதட்டியதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் அவள் தோற்றபோதுகூட, "பரவாயில்லம்மா, நீங்க சாப்பிடுங்க" என்றார். பக்கத்து வீட்டில் மகளை அவள் அப்பா திட்டுகிற சத்தம் கேட்டால் இவள் ஜன்னல் ஓரமாகப் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"கேளுங்கப்பா."

"அந்தக் கொழந்தைய எங்க அடக்கம் பண்ணாங்க?"

பிதற்றுகிறார் என்று நினைத்தாள். அவர் மூச்சு விட இடம் வைத்து மறு கன்னத்தில் நுரையைத் தடவினாள்.

"எந்தக் கொழந்தைப்பா?"

"எங்களுக்குப் பொறந்தது." அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "உங்கம்மா சொல்லியிருப்பான்னு நெனச்சேன். பொம்பளைங்களுக்குள்ள பேசியிருப்பீங்கன்னு."

"உங்களுக்குப் பொறந்தது நான்தானேப்பா."

"அதுக்கு என் கண்ணு" என்றார். "இருபது நாள் அத மடியில வெச்சிருந்தேன். அப்புறம் கப்பலுக்குப் போயிட்டேன். நாலு மாசம் கழிச்சு ஒரு லெட்டர் வந்துச்சு. கொழந்தைக்கு விடாம காய்ச்சல், ரொம்ப முடியலன்னு. அப்புறம் மூணு மாசம் லெட்டரே இல்ல. அப்புறம் எல்லாரும் சௌக்கியம்னு ரெண்டு வரி. போட்டோ வந்துச்சு, கறுப்பு வெள்ளையில. திரும்பி வந்தப்ப நீங்க நடந்து வந்து கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. காப்பிக்கொட்டை மாதிரி கண்ணு."

ரேசர் அவள் கையிலேயே இருந்தது.

"இன்னொரு பிள்ளை பொறக்காதுன்னு டாக்டர் அவகிட்ட சொல்லியிருந்தாரு. நான் தாங்க மாட்டேன்னு பயந்துபோய் எங்கிருந்தோ உங்கள எடுத்துட்டு வந்துட்டான்னு புரிஞ்சுக்கிட்டேன். நான் கேட்டா அவ உடைஞ்சு போயிருப்பா. அவளா சொல்லட்டும்னு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. அந்தக் கொழந்தைக்காக மட்டும் அப்பப்ப அழுவேன். எஞ்சின் ரூம்ல எவ்வளவு அழுதாலும் யாருக்கும் கேக்காது."

முப்பத்தெட்டு வருடம். அம்மா போயே மூன்று வருடம் ஆகிறது. அவளும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. இவரும் கேட்கவில்லை.

"இப்ப ஏன்பா கேக்கறீங்க?"

அவர் பார்வை அடுத்த அறைப் பக்கம் போனது. அங்கே அவளுடைய ஒன்றேகால் வயது மகள் ஒரு டப்பாவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பா பொறந்தப்ப அதே கண்ணு. அதே சாம்பல். தினம் காலையில வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். நாலாம் மாசம் நடுவுல, கறுப்பச் சுத்தி, லேசா ஒரு பழுப்பு வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வெளியில பரவுச்சு. பத்தாம் மாசம் சாம்பலே இல்ல." எஞ்சின் அறையில் கருவியின் முள் நகர்வதைக் குறித்துவைத்துப் பழகியவர் பேச்சு. "அதான் கேக்கறேன். எல்லாக் கொழந்தைக்கும் அப்படி மாறுமா?"

தாத்தாவும் பேத்தியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை அவள் எத்தனை தடவை போட்டோ எடுத்திருப்பாள். கொஞ்சுகிறார் என்றுதான் நினைத்தாள்.

"எல்லாக் கொழந்தைக்கும் இல்லப்பா. சிலதுக்கு மாறும்" என்றாள். "பாப்பாவுக்கு ஊசி போட்ட நர்சு சொன்னாங்க. பொறக்கும்போது கண்ணுல நிறம் முழுசா ஊறியிருக்காதாம். ஒரு வருஷம் வரைக்கும் மெல்ல ஊறுமாம். உங்க கண்ணு எனக்கு அப்படியே வந்திருந்தா வெளுப்பாவே இருந்திருக்கும். அம்மாவோட நிறம் மேல வந்துடுச்சு. உங்களோடது உள்ளதான் இருக்காம், வெளிய தெரியாதாம்."

நம்பினாரா என்று தெரியவில்லை. அவள் எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து அத்தையைக் கூட்டிவந்தாள். அப்பாவின் தங்கை. அந்த நாளில் கல்யாணம் ஆகாமல் இதே வீட்டில் இருந்தவள். விஷயத்தைக் கேட்டதும் அத்தைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"உனக்கென்ன பைத்தியமா அண்ணா? காய்ச்சல் ஒரு வாரத்துல எறங்கிடுச்சு. லெட்டர் போட்டுக்கிட்டேதான் இருந்தோம், உன் கப்பல் எந்தப் பக்கம் போச்சோ, எல்லாம் திரும்பி வந்துச்சு. இவள தினம் குளிப்பாட்டினவ நான். மாத்தினா எனக்குத் தெரியாதா?"

"கண்ணு?"

"பொறந்தப்ப வெளுப்பாத்தான் இருந்துச்சு. எப்ப கறுத்துச்சுன்னு யார் பாத்தா? தினம் பாக்கறவங்களுக்கு அது எங்க தெரியும்!" சொல்லிவிட்டு அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இத்தன வருஷமா இதையா வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தே? வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அண்ணா?"

அவர் மகளைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். குனிந்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவர் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை காய்ந்து அவர் கன்னத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் மறுபடி நுரை பூசி, மழிக்க ஆரம்பித்தாள். தாடை வளைவில் கை நடுங்கிக் கத்தி லேசாகக் கீறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்.

"பாத்துடி" என்றார் அப்பா. "கையில என்ன நடுக்கம் உனக்கு?"

வாசல் வரை போன அத்தை அங்கேயே நின்றுவிட்டாள்.

"சரிப்பா" என்றாள் அவள். பஞ்சை எடுத்துக் கீறலில் அழுத்தினாள்.

அன்று பகல் முழுக்க அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். விழிக்கும்போதெல்லாம் திட்டினார். "அந்த ஜன்னலச் சாத்துன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார். அதற்குமுன் ஒருதடவைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவள் எழுந்து சாத்தினாள். தலையணையை நிமிர்த்தியபோது, "உங்கம்மா மாதிரியே முரட்டுக் கை" என்றார். பாப்பா கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றபோது, "மொதல்ல அதத் தூக்கு, விழுந்து வெக்கப் போகுது. பிள்ளையப் பாக்கத் தெரியுதா உனக்கு?" என்றார். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய அவள் கணவன் இதைக் கேட்டுத் திகைத்து, "மாமாவுக்கு நினைவு தப்புதா?" என்று காதோடு கேட்டான். "இல்ல" என்றாள்.

மூன்று மணி சுமாருக்கு அவர் கேட்டார், "சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிட்டுக்கறேன்பா."

"சொன்ன பேச்ச ஒருநாளும் கேக்காதே. போ. போய்ச் சாப்பிட்டு வா."

அவள் போய்ச் சாப்பிட்டாள். தட்டில் எடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்தபோது அத்தை கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள். அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை இறப்பைப் பதிய அலுவலகத்துக்குப் போனாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த எழுத்தர் அம்மா, டாக்டர் தந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டுப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். வயது. தொழில். இறந்த இடம்.

"நீங்க அவருக்கு என்ன ஆகணும்?"

"மகள்."

"அவருக்குப் பிள்ளைங்க மொத்தம் எத்தனை பேர்?"

"ஒண்ணுதான். நான்."

"தவறிப்போன பிள்ளைங்க யாராச்சும்?"

அவள் படிவத்தின் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தர் அம்மா தலையைத் தூக்கினாள். குரலைத் தாழ்த்தி, "இருந்தா சொல்லுங்கம்மா. சும்மா விவரத்துக்குத்தான்" என்றாள்.

"இல்லங்க. யாரும் இல்ல."

எழுத்தர் அம்மா அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு சுழியம் போட்டு, படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை எழுத்தர் அம்மா இரண்டு தடவை காட்ட வேண்டியிருந்தது.