பதினொன்றாவது கிலோமீட்டர்

எங்கள் ஊரில் சைக்கிள் மீட்டர் காட்டும் தூரம்தான் போன தூரம். மீட்டர் நான்கு என்று காட்டினால் நான்காவது கல்லில் இருப்பீர்கள். பூஜ்யம் காட்டினால், காலையிலிருந்து மிதித்தாலும் உங்கள் வீட்டு வாசலில்தான். நடப்பவர்களுக்கு மீட்டர் கிடையாது. அவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றி நடந்துகொள்வார்கள். ஒருவருடைய மீட்டர் இன்னொருவருக்கு ஓடாது. கேரியரில் ஏறி உட்கார்ந்தால், ஏறியவர் ஏறிய இடத்திலேயே நின்றுவிடுவார். பஸ்ஸில் மட்டும் டிக்கெட் எடுத்த தூரம் போகலாம்.

நான் மீட்டர் ரிப்பேர் செய்பவன். பெயர் செங்கோடன். இப்போது வருவதெல்லாம் ஒயர் இல்லாத மீட்டர்கள். முன்சக்கரக் கம்பியில் ஒரு சிறிய காந்தம் இருக்கும். அதற்கு எதிரே, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் சென்சார் ஹேண்டில்பாரில் உள்ள மீட்டருக்குத் தகவல் அனுப்பும். மீட்டர் அதைக் கூட்டிக்கொண்டே போகும்.

ஒரு திங்கட்கிழமை நர்ஸ் சகாயமேரி கடைக்கு வந்தார். பதினொன்றாவது கிலோமீட்டரில் இருக்கும் ஓடைக்காடு அவர் பொறுப்பில் உள்ள கிராமம். அங்கே பஸ் போகாது. அன்று மீட்டர் மூன்றில் நின்றுவிட்டதாம். இரண்டு மணி நேரம் மிதித்தும் மூன்றாவது கல் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஓர் ஆடு முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது என்றார். கடைசியில் அந்தப் பக்கம் வந்த பஸ்ஸில் சைக்கிளை ஏற்றித் திரும்பியிருக்கிறார். ஓடைக்காட்டில் கோகிலவாணிக்கு இந்த வாரம் பிரசவம். தலைப்பிரசவம், வேறு நர்ஸ் இல்லை.

சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். மேடு பள்ளத்தில் குலுங்கிக் காந்தம் கம்பியில் கீழே இறங்கியிருந்தது. சென்சாருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி விட்டுத் திருகினேன். மீட்டர் ஓடியது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கிளம்பிப் போனவர் அன்று திரும்பி வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார், கூரையில் சைக்கிள். கல்குவாரிக்குப் பக்கத்தில் பெரிய மின்கம்பிகளுக்கு அடியில் போகும்போது மீட்டர் ஐந்திலிருந்து ஐம்பத்தெட்டுக்குத் தாவியிருக்கிறது. ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பதினேழு பேருக்கு பிரஷர் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கோளாறு புரிந்தது. சென்சார் ஒரு பக்கம், மீட்டர் மறுபக்கம். நடுவில் தூரம் அதிகம். சொந்தச் சக்கரம் மெதுவாகப் பேசியதால், மீட்டர் மின்கம்பிகள் சொன்னதைக் கேட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்துக்கு மாற்றி, ஒரு முழத்துக்குள் கொண்டுவந்தேன். பேட்டரியையும் புதிதாகப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோகிலவாணியின் கணவன் மாதேஸ் போன் செய்தான். வலி எடுத்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு நானும் என் சைக்கிளில் சிஸ்டரோடு கிளம்பினேன்.

மூன்றாவது கல்லைத் தாண்டினோம். மின்கம்பிகளுக்கு அடியில் சிஸ்டர் எண்களை எனக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டே வந்தார். ஐந்து, ஐந்து புள்ளி ஒன்று, ஐந்து புள்ளி இரண்டு. கம்பிகள் இரைந்தன. மீட்டர் காது கொடுக்கவில்லை. ஆறு என்று அவர் சொன்னபோது என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

பத்து புள்ளி ஒன்பதில் நின்றோம். கோகிலவாணியின் வீடு நூறு மீட்டரில் தெரிந்தது. மாதேஸ் வாசலில் நின்றிருந்தான். உள்ளே அவள் வலியில் முனகுவது எங்களுக்குக் கேட்டது. சிஸ்டர் மிதிக்க, சக்கரம் சுற்ற, வீடு அங்கேயே இருந்தது. குனிந்து பார்த்தேன். கம்பியில் காந்தம் இல்லை. அங்கேதான் புழுதியில் எங்கோ விழுந்திருக்கிறது, தேடியும் கிடைக்கவில்லை. மாற்றுக் காந்தம் என்னிடம் இல்லை. என்னுடையதைக் கழற்றி மாட்டினால் அது என் தூரத்தைத்தான் சொல்லும்.

சிஸ்டர் தோளில் இருந்த பையைப் பார்த்தேன். நல்ல தோல் பை. அதன் மூடி 'டக்'கென்று போய் ஒட்டிக்கொள்ளும் வகை. நான் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கிழிங்கண்ணே. பை வேற வாங்கிக்கலாம்."

பிளேடால் மூடியைக் கிழித்துக் காந்தத்தை எடுத்தேன். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை அவரே பல்லால் கிழித்துத் தந்தார். கம்பியோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன். தீக்குச்சி அளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன்.

"மிதிங்க சிஸ்டர்."

அவர் மிதித்தார். நான் பக்கத்திலேயே ஓட்டினேன். ஓடைக்காட்டுக்காரர்கள் எல்லோரும் அவரவர் வாசலில் வந்து நின்று, அவருடைய மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து புள்ளி ஒன்பது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பதினொன்று ஆனது. வீடு எங்கள் முன்சக்கரத்துக்கு எதிரே இருந்தது. ஊர் முழுக்கக் கை தட்டியது. சிஸ்டர் சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

பத்தே முக்காலுக்குக் குழந்தை அழுதது. பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். சிஸ்டர் வெளியே வந்து கை கழுவியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபது வருஷமாக மீட்டர் பார்க்கிறேன். ஒரு மீட்டரைச் சரிசெய்துவிட்டு நான் அழுதது அன்றுதான். மாதேஸ் எனக்கு இரண்டு கை நிறையச் சர்க்கரை கொடுத்தான், எல்லாவற்றையும் தின்றேன்.

தாயும் பிள்ளையும் தூங்கிய பிறகு, நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று நானும் சிஸ்டரும் வெளியே வந்தோம். ரோட்டைக் காணோம். பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்பு, ரோடு அதற்குப் போயிருக்கிறது, பந்தி முடிந்ததும் வந்துவிடும் என்று மாதேஸ் சொன்னான். நாங்கள் ஆளுக்கொரு காபி வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம்.